ரோமானியக் காதல் கவிதைகளில் பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் கவிஞர்களைப் பற்றிப் பேசுகிறோம்?

முக்கியமாக நாலு பேர்: கட்டுல்லஸ், டிபுல்லஸ், புரொப்பெர்ட்டியஸ், ஓவிட். கட்டுல்லஸ் வெரோனாக்காரர், கி.மு. 84 வாக்கில் பிறந்து முப்பது வயதையொட்டி இறந்துபோனவர். மற்ற மூவரும் ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் எழுதியவர்கள். அவர்களுக்கு முன்னோடி கொர்னேலியஸ் கால்லஸ். எகிப்தின் முதல் ரோமானிய ஆளுநர். அகஸ்டஸின் கோபத்துக்கு ஆளாகித் தற்கொலை செய்துகொண்டவர். அவர் எழுதியதில் ஒரே ஒரு வரிதான் மிச்சம் என்றிருந்தது. 1978இல் எகிப்தின் கஸ்ர் இப்ரிமில் ஒரு பாப்பிரஸ் துண்டு கிடைத்து, இன்னும் ஒன்பது வரிகள் வரை சேர்ந்தன. இவர்களோடு அதே அகஸ்டஸ் காலத்துக் கவிஞர் ஹொரேஸையும், சுல்பிசியா என்ற ஒரு பெண்ணையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுல்பிசியாவுக்குக் கீழே தனியாக இடம் உண்டு.

முதலில் சொன்ன நால்வரும் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள். 'நான் ஏழை' என்று கவிதையில் அடிக்கடி புலம்புவார்கள். வீட்டில் வேலைக்கு அடிமைகள் இருப்பார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் பல விஷயங்கள் விளங்கும்.

லெஸ்பியா, சிந்தியா, டெலியா, கொரின்னா: இவர்கள் நிஜப் பெண்களா?

கவிதைகளில் லெஸ்பியா கட்டுல்லஸின் காதலி, சிந்தியா புரொப்பெர்ட்டியஸின் காதலி, டெலியா டிபுல்லஸின் காதலி, கொரின்னா ஓவிடின் காதலி. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அப்புலேயஸ் என்ற எழுத்தாளர் தன் மீதான வழக்கில் வாதாடும்போது, போகிற போக்கில் ஒரு பட்டியல் தருகிறார். லெஸ்பியாவின் நிஜப் பெயர் குளோடியா, சிந்தியாவின் பெயர் ஹொஸ்டியா, டெலியாவின் பெயர் பிளானியா. இதில் குளோடியா மட்டும் வரலாற்றில் நன்றாகத் தெரிந்த ஆள் என்று பலரும் கருதுகிறார்கள். கி.மு. 60இல் கான்சலாக (ரோமின் உயர்ந்த ஆட்சிப் பதவி) இருந்த மெட்டெல்லஸ் கெலெரின் மனைவி அவள்; அரசியல் ரவுடி குளோடியஸின் அக்காளோ தங்கையோ.

அவளைப் பற்றி நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் இரண்டு ஆண்கள் சொன்னது. ஒருவர் அவளால் மனம் உடைந்த கவிஞர். இன்னொருவர் புகழ்பெற்ற வழக்கறிஞரும் பேச்சாளருமான சிசெரோ, கி.மு. 56இல் கைலியஸ் என்ற இளைஞனுக்காக வாதாடியபோது, வழக்கையே இவள் பக்கம் திருப்பி, 'பாலட்டைன் குன்றின் மெடியா' என்று (மெடியா கிரேக்கப் புராணத்தில் பழிவாங்கும் சூனியக்காரி) நீதிமன்றத்தில் கேலி செய்தவர். அதே பேச்சில் கைலியஸின் விளையாட்டுத்தனங்களை 'வயசுக் கோளாறு' என்கிற தோரணையில் மன்னித்துவிடுகிறார். அவள் தன் பக்கத்தை எழுதி வைத்திருந்தாலும் நம் கைக்கு வரவில்லை.

கொரின்னாவின் கதை வேறு. 'நான்தான் கொரின்னா என்று ஒருத்தி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்' என்று ஓவிடே சிரிக்கிறார். அப்படி ஒருத்தி இருந்தாளா என்பதே சந்தேகம். எனக்கு இந்த ஆராய்ச்சியில் பெரிய ஆர்வம் கிடையாது. நிஜமோ கற்பனையோ, நம் முன்னால் இருப்பது ஒரு ஆண் வடித்த பெண்.

காதலியை 'எஜமானி' என்று அழைத்தார்களே! அது பெண்ணை உயர்த்திப் பிடித்ததுதானே?

பலர் அப்படித்தான் முதலில் படிக்கிறார்கள். ரோமில் சட்டப்படி குடும்பத்தின் முழு அதிகாரமும் தந்தையிடம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு ஆண் 'நான் உனக்கு அடிமை, விலங்கு போடு, சாட்டையால் அடி, தாங்கிக்கொள்கிறேன்' என்று எழுதினால் புரட்சியாகத்தான் தோன்றும். டிபுல்லஸ் 'முன்னோர் தந்த சுதந்திரமே, போய் வா' என்றே ஒரு கவிதையைத் தொடங்குகிறார். 1970களில் இதை வைத்து, இந்தக் கவிஞர்கள் தங்கள் சமூகத்துக்கு எதிர்த்திசையில் நின்றவர்கள் என்று வாதிட்ட ஆய்வாளர்கள் உண்டு.

எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. காரணம், அந்தக் கவிதைகளில் நிஜ அடிமைகளும் வருகிறார்கள். அவர்களைக் கவனித்தால் இந்த 'நான் அடிமை' வசனத்தின் சாயம் வெளுத்துவிடும்.

ஓவிடின் காதல் கவிதைத் தொகுப்பான 'அமோரெஸ்' முதல் புத்தகத்தின் ஆறாம் கவிதையைப் பாருங்கள். நடுராத்திரியில் காதலி வீட்டு வாசலில் நின்றுகொண்டு கதவைத் திறக்கும்படி காவலாளியிடம் கெஞ்சுகிறார். காதலால் இளைத்துப்போன தனக்குக் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாலே போதும், ஒருக்களித்து நுழைந்துவிடுவேன் என்கிறார். அந்தக் காவலாளி சங்கிலியால் கட்டப்பட்டிருக்கிறான். கவிதையின் முதல் வரியிலேயே அந்தச் சங்கிலி வருகிறது. கொஞ்சம் தள்ளி ஓவிட் நினைவூட்டுகிறார்: ஒருநாள் சாட்டையடிக்காக உன் சட்டையைக் கழற்றி நிற்க வைத்திருந்தபோது நான்தானே எஜமானியிடம் உனக்காகப் பேசினேன், அந்த நன்றி இல்லையா? ஒருவன் காதலுக்கு அடிமை. எதிரே நிற்பவன் காசு கொடுத்து வாங்கிய அடிமை. விடிந்ததும் முதலாமவன் தலையில் சூடிவந்த மாலையை வாசலில் வீசிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

கிப்பாசிஸ் யார்? அவள் பெயரை ஏன் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள்?

கிப்பாசிஸ் கொரின்னாவுக்குத் தலைவாரிவிடும் அடிமைப் பெண். 'அமோரெஸ்' இரண்டாம் புத்தகத்தின் 7, 8ஆம் கவிதைகள் அவளைச் சுற்றியவை. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும்.

ஏழாவதில் ஓவிட் கொரின்னாவிடம் பேசுகிறார். 'உன் வேலைக்காரியோடு நான் படுத்தேனா? எப்போது பார்த்தாலும் சந்தேகம்! சாட்டைத் தழும்பு விழுந்த முதுகைத் தழுவ எந்தச் சுதந்திர மனிதனுக்கு ஆசை வரும்?' என்று பொங்குகிறார். காதல் தெய்வம் வீனஸ் மீது சத்தியம், அவள் மகன் வில்லின் மீது சத்தியம்.

எட்டாவதில் அதே வாய் கிப்பாசிஸிடம் பேசுகிறது. 'நம் விஷயத்தை யார் போட்டுக்கொடுத்தது? நான் முகம் சிவந்தேனா? நீதான் சிவந்தாய், நான் எப்படிச் சமாளித்தேன் பார்த்தாயா!' அடிமையை விரும்புவது இழிவில்லை, புராண வீரன் அக்கிலீஸே செய்தான் என்று இப்போது நியாயம் வேறு. அப்புறம் கூலி கேட்கிறார்: உன்னைக் காப்பாற்றிவிட்டேன், இன்றைக்கு என்னோடு படு. அவள் தலையை ஆட்டி மறுக்கிறாள், பயப்படுகிறாள். உடனே மிரட்டல். மறுத்தால் நானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், எங்கே, எத்தனை தடவை, எப்படியெல்லாம் என்று. கவிதை அங்கே முடிகிறது.

கிப்பாசிஸ் ஒரு வார்த்தை பேசுவதில்லை. விஷயம் வெளிவந்தால் சாட்டையடி அவளுக்குத்தான்; ஓவிடுக்கு ஒரு ஊடலோடு போகும். இதை ஓவிட் தெரிந்தேதான் எழுதினார், இந்த 'நான்' ஒரு அயோக்கியன் என்று நாம் கண்டுபிடிக்கத்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்தார் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர் அவ்வளவு கெட்டிக்காரர் என்பதால் நானும் அதை நம்புகிறேன். ஆனாலும் ரோமில் அதை முதலில் கேட்டவர்கள் யாரைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள் என்பது எனக்கு உறுதியில்லை.

காதலியை அடிப்பது பற்றி என்ன சொல்கிறார்கள்?

பொதுவாக, 'அது பட்டிக்காட்டான் வேலை' என்கிறார்கள். டிபுல்லஸ் டெலியாவிடம் சொல்கிறார்: உன்னை அடிக்க எனக்கு மனம் வராது; அப்படி ஒரு வெறி வந்தால் எனக்குக் கைகளே இல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். இந்தக் கூட்டத்தில் மென்மையானவர் அவர்தான். அதே டிபுல்லஸ் இன்னொரு கவிதையில், அடித்தால்தான் தப்பு, மெல்லிய துணியைக் கிழித்து, தலைமுடியைக் கலைத்து, அழ வைத்தால் போதாதா என்று எல்லைக்கோடு போடுகிறார்.

ஓவிட் அடித்துவிட்டே கவிதை எழுதுகிறார். 'அமோரெஸ்' 1.7இல் (முதல் புத்தகம், ஏழாம் கவிதை), என் கைகளுக்கு விலங்கு போடுங்கள் என்று ஆரம்பிக்கிறார். ரோமில் சாதாரணக் குடிமகன் ஒருவனை அடித்திருந்தால் எனக்குத் தண்டனை கிடைத்திருக்குமே, எஜமானியை அடிக்க மட்டும் எனக்கு அதிக உரிமையா என்று கேட்கிறார். நல்ல கேள்விதான். கடைசி வரியில் அவர் அவளிடம் கேட்பது என்ன தெரியுமா? என் குற்றத்தின் தடயம் மிஞ்சாதபடி தலைமுடியைச் சரிசெய்துகொள்.

புரொப்பெர்ட்டியஸ் வேறு வழி வைத்திருக்கிறார். உன் உடையைக் கிழிக்க மாட்டேன், கதவை உடைக்க மாட்டேன், அதெல்லாம் நாட்டுப்புறத்தான் செய்வது. நான் எழுதுவேன், 'சிந்தியா, அழகில் வல்லவள், சொல்லில் நிலையற்றவள்' என்று. அது உன் ஆயுசுக்கும் அழியாது. கையை ஓங்குவதை விட இதுதான் பலமான அடி என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

கட்டுல்லஸ் மட்டும் உண்மையாகக் காதலித்தவர் என்கிறார்களே?

அவர் வித்தியாசமானவர்தான். 72ஆம் கவிதையில், மற்றவர்கள் ஒரு பெண்ணை விரும்புவதுபோல அல்ல, ஒரு தகப்பன் தன் மகன்களையும் மருமகன்களையும் நேசிப்பதுபோல உன்னை நேசித்தேன் என்கிறார். ஆசைக்கு அப்பால் மதிப்பு, நம்பிக்கை, ஒப்பந்தம் என்ற சொற்களையெல்லாம் ஒரு பெண்ணுடனான உறவுக்குள் கொண்டுவருகிறார். ஆனால் அந்த அன்புக்கு அளவுகோலாக அவருக்குக் கிடைத்தது ஆண்களுக்கிடையேயான உறவுதான். மகள்களை அவர் சொல்லவில்லை.

11ஆம் கவிதை எனக்கு மிகப் பிடித்தது. வயலோரத்தில் நின்ற பூவை ஏர் தொட்டுக்கொண்டு போனதும் அது விழுந்துவிட்டதுபோல என் காதல் விழுந்தது என்கிறார். வழக்கமாகப் பெண்ணுக்குச் சொல்லும் பூவைத் தனக்கு வைத்துக்கொள்கிறார், கலப்பை அவள். அதே கவிதையில், இதற்குச் சற்று முன்புதான், முந்நூறு பேரை ஒரே நேரத்தில் அணைக்கிறவள் என்று அவளைத் திட்டுகிறார். 58இல் அவளைச் சந்துபொந்துகளில் நிறுத்துகிறார். தன்னை விட்டுப்போன பெண்ணைத் தெருவில் நிறுத்துவது அன்றைக்கும் கை வந்த வழிதான்.

பணத்தாசை பிடித்த பெண்கள் என்ற புகார் ஏன் இவ்வளவு வருகிறது?

காதலிகளில் பலர் விடுதலை பெற்ற அடிமைகளாகவோ, காதலர்களின் பரிசில் வாழ்ந்தவர்களாகவோ சித்திரிக்கப்படுகிறார்கள். கால்லஸின் லிகோரிஸ் ஒரு நடிகை, முன்னாள் அடிமை. இவர்களைக் கவிஞர்கள் மணந்துகொள்ளப் போவதில்லை. இளமை போனால் வருமானம் போய்விடும்.

இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் ஒரு பாத்திரம் இந்தக் கவிதைகளில் உண்டு: தரகுக்காரக் கிழவி. ஓவிடிடம் அவள் பெயர் டிப்சாஸ். கவிஞர் இரட்டைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று அவள் புத்திமதியைக் கேட்கிறார். 'உன் கவிஞன் புதுப்புதுப் பாட்டைத் தவிர என்ன கொடுத்தான்? பெரிய வம்சம் என்று ஒருவன் வந்தாலும் மயங்காதே, கையில் என்ன இருக்கிறது பார். அழகைப் பயன்படுத்தாவிட்டால் அதுவும் கிழடாகிவிடும்.' அவள் சொல்வதில் எனக்குத் தப்பே தெரியவில்லை. கிழவியை ஓவிட் சபிக்கிறார்: உனக்கு வீடில்லாமல் போக, வறுமையில் வயசாக, நீண்ட குளிர்காலமும் தீராத தாகமும் வர. அதாவது, அவள் அந்தப் பெண்ணைக் காப்பாற்றப் பார்த்த அதே கதிதான் சாபமாக வருகிறது.

கருக்கலைப்பு பற்றிக்கூட எழுதினார்களா?

ஆம், 'அமோரெஸ்' 2.13, 2.14. கொரின்னா கருவைக் கலைத்துக்கொண்டு சாகக் கிடக்கிறாள். முதல் கவிதையில் ஓவிட் ஐசிஸ் தெய்வத்திடம் வேண்டுகிறார். என் குழந்தைதான், அல்லது நான் அப்படி நம்புகிறேன் என்று இடையில் சொல்லிக்கொள்கிறார். அடுத்ததில் திட்டுகிறார்: வயிற்றில் சுருக்கம் விழாமல் இருக்கத்தானே இதைச் செய்கிறீர்கள்? பிள்ளை பெற்றால் அவள் பிழைப்பு என்னாகும், யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்வி இரண்டு கவிதையிலும் எழுவதே இல்லை. முடிவில், இந்த ஒரு முறை மன்னியுங்கள், அடுத்த முறை தண்டனை கொடுங்கள் என்று தெய்வங்களோடு பேரம்.

அகஸ்டஸின் சட்டங்களுக்கும் இந்தக் கவிதைகளுக்கும் என்ன சம்பந்தம்?

கி.மு. 18 வாக்கில் அகஸ்டஸ் கொண்டுவந்த சட்டம், அதுவரை பெரும்பாலும் குடும்ப விஷயமாக இருந்த கள்ள உறவைக் குற்றமாக்கியது. மனைவி தவறினால் கணவன் விவாகரத்து செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் அவனே பெண்ணைக் கூட்டிக்கொடுத்த குற்றவாளி. குற்றம் நிரூபணமான பெண் சீதனத்தில் பாதியும் சொத்தில் மூன்றில் ஒரு பங்கும் இழந்து தீவுக்குப் போக வேண்டும். கணவன் அடிமைப் பெண்ணோடோ விலைமகளோடோ போனால் இந்தச் சட்டப்படி குற்றமே இல்லை. கி.மு. 2இல் அகஸ்டஸின் சொந்த மகள் ஜூலியாவே தீவுக்கு அனுப்பப்பட்டாள்.

அதையொட்டிய ஆண்டுகளில் ஓவிட் 'காதல் கலை' என்ற பாடநூலை வெளியிடுகிறார். கண்ணியமான குடும்பப் பெண்கள் இதைப் படிக்க வேண்டாம் என்று தொடக்கத்திலேயே ஒரு எச்சரிக்கைப் பலகையும் வைக்கிறார். அது எடுபடவில்லை. கி.பி. 8இல் கருங்கடல் ஓரத்து டோமிஸுக்கு, இன்றைய ருமேனியாவின் கொன்ஸ்டான்ட்சாவுக்கு, அவர் நாடு கடத்தப்பட்டார். 'ஒரு கவிதையும் ஒரு தவறும்' காரணம் என்று அவர் சொல்வதில் கவிதை இதுதான்.

'காதல் கலை' பெண்களுக்கு ஆதரவான நூலா, எதிரான நூலா?

மூன்று புத்தகங்கள். முதல் இரண்டு ஆண்களுக்கு. மூன்றாவது, ஆயுதமில்லாதவர்களைப் போருக்கு அனுப்பக்கூடாது என்று சொல்லிப் பெண்களுக்கு. தலைவாருவது முதல் சிரிப்பது, நடப்பது, கிரேக்கப் பெண் கவிஞர் சாப்போவையும் புரொப்பெர்ட்டியஸையும் (தன்னையும்தான்) படிப்பது வரை பாடம். இன்பம் இருவருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும், கடமைக்காகப் படுக்கிற பெண் எனக்கு வேண்டாம் என்று இரண்டாம் புத்தகத்தில் சொல்கிறார். அந்தக் காலத்தில் இது அபூர்வமான பேச்சு.

அதே நூலின் முதல் புத்தகத்தில்தான், பெண்களுக்கு வலுக்கட்டாயம் பிடிக்கும், வேண்டாம் என்றாலும் விரும்பியே தருகிறார்கள் என்ற பகுதியும் வருகிறது. பக்கத்து இனமான சபைன் பெண்களை, ரோமை நிறுவியதாகச் சொல்லப்படும் ரோமுலஸின் ஆட்கள் தூக்கிச் சென்றதை வர்ணித்து, இப்படிப் பரிசு கொடுத்தால் நானும் படையில் சேர்கிறேன் என்கிறார். 'ஆசிரியர் வேடத்தைக் கிண்டல் செய்கிறார், சீரியஸாக எடுக்காதீர்கள்' என்பது வழக்கமான சமாதானம். கிண்டல் இருக்கிறது, மறுக்கவில்லை. சபைன் பெண்களின் முகத்தில் பயம் எத்தனை விதமாகத் தெரிந்தது என்று ஓவிட் வரி வரியாக எழுதுவார். ஒருத்தி தலைமுடியைப் பிய்க்கிறாள், ஒருத்தி அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள், ஒருத்தி வாயடைத்து நிற்க இன்னொருத்தி அம்மாவைக் கூப்பிடுகிறாள். அப்புறம், அந்தப் பயமே அவர்களுக்கு அழகு சேர்த்திருக்கும் என்று முடிப்பார். அவ்வளவு கூர்ந்து பார்க்கத் தெரிந்தவருக்கு அது தெரியாமல் வந்த வரி என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஹொரேஸ்?

சுருக்கமாக: வயதான பெண்ணைப் பார்த்தால் அவர் பேனா கொடூரமாகிவிடும். லிடியாவின் ஜன்னலை இளைஞர்கள் தட்டுவது குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுவார். லிகே கிழவியாகிவிட்டாள், தெய்வங்கள் என் வேண்டுதலைக் கேட்டன என்பார். அவர் வயதானதைப் பற்றி எழுதும்போது மட்டும் அது தத்துவமாகிவிடும்.

பெண்கள் யாருமே எழுதவில்லையா?

சுல்பிசியா எழுதினார். டிபுல்லஸின் பெயரில் வந்த தொகுப்புக்குள் ஆறு சின்னக் கவிதைகள், மொத்தம் நாற்பது வரிகள். 'செர்வியஸின் மகள் சுல்பிசியா' என்று தன் பெயரைத் தானே போடுகிறார். கவிஞர்களை ஆதரித்த பிரபு மெஸ்ஸாலா அவருக்கு மாமா முறை. இவை ஆண் ஒருவர் பெண் குரலில் எழுதியவை என்போரும் உண்டு. பெரும்பாலானோர் அவருடையவை என்றே கொள்கிறார்கள்.

ஒரு கவிதையில், பிறந்தநாளுக்கு மெஸ்ஸாலா தன்னைக் கிராமத்துக்குக் கூட்டிப்போகப் போகிறார் என்று எரிச்சல்படுகிறார். காதலன் செரிந்துஸ் இல்லாமல் அங்கே என்ன செய்வது? ஊரை விட இனிமையானது உண்டா? அக்கறை காட்டியே என்னைப் படுத்துகிறார் மாமா! அடுத்த கவிதையில் பயணம் ரத்து, சந்தோஷம். இன்னொன்றில் செரிந்துஸை வெளுத்து வாங்குகிறார்: என்னைப் பற்றி இவ்வளவு அலட்சியமாக இருப்பதற்கு நன்றி, கம்பளிக்கூடை சுமக்கும் ஒரு தேவடியாள் உனக்கு செர்வியஸின் மகளை விடப் பெரிசாகப் போய்விட்டாள். இங்கேயும் குலப்பெருமை எட்டிப் பார்க்கிறது, கவனியுங்கள். பெண் எழுதினாலும் அடிமைப் பெண்ணுக்கு இடம் அதே இடம்தான்.

கடைசிக் கவிதை எனக்கு நெருக்கமானது. நேற்று ராத்திரி உன்னைத் தனியே விட்டுவிட்டு வந்தேனே, அதைப்போல முட்டாள்தனம் நான் செய்ததில்லை, என் ஆசையை மறைக்கத்தான் அப்படி வந்தேன் என்று ஒப்புக்கொள்கிறார். ஆறு வரி, ஒரே வாக்கியம், தயங்கித் தயங்கிப் போகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஒரு ஜெர்மானிய அறிஞர் இதன் நடையைப் 'பெண்பிள்ளை லத்தீன்' என்று ஓரங்கட்டினார். இப்போது இந்தத் தயக்கத்தைத்தான் திறமை என்கிறார்கள்.

ஆண் கவிஞர்கள் பெண்ணைப் பேசவே விடவில்லையா?

விட்டார்கள். ஓவிடின் 'ஹெரோய்டெஸ்' பெரும்பாலும் புராணப் பெண்கள் எழுதும் கடிதங்கள்தான். பெனலோப்பே, டிடோ, மெடியா எல்லோரும் தங்கள் ஆண்களைக் கேள்வி கேட்கிறார்கள். எனக்கு அதை விட புரொப்பெர்ட்டியஸின் 4.7 பெரிது. செத்துப்போன சிந்தியா ஆவியாகப் படுக்கைக்கு வருகிறாள். சிதையில் எரிந்த உடை, கருகிய மோதிரம். என் ஈமச்சடங்கில் நீ ஒரு மலர்கூடப் போடவில்லையே என்கிறாள். எனக்கு விஷம் வைத்த அடிமையை விசாரி என்கிறாள். என் கல்லறைக்கு மாலை கொண்டுவந்ததற்காகக் கிழவி பெட்டாலேயை மரக்கட்டையோடு பிணைத்திருக்கிறார்கள், என் பெயரைச் சொல்லிக் கெஞ்சியதற்காக லலாகேயைத் தலைமுடியில் தொங்கவிட்டு அடிக்கிறார்கள் என்று பெயர் பெயராகச் சொல்கிறாள். மூன்று புத்தகம் முழுக்க அவளைக் குற்றம் சாட்டிய கவிஞர், இங்கே முழுக் குற்றப்பத்திரிகையையும் அவள் கையில் கொடுத்துவிடுகிறார். என் பெயரில் எழுதிய கவிதைகளையெல்லாம் எரித்துவிடு என்றும் அவள் கேட்கிறாள். அவர் எரிக்கவில்லை. அவள் கேட்டதையும் சேர்த்து வெளியிட்டார்.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. கட்டுல்லஸில் 51, 72, 11 என்ற வரிசையில் படியுங்கள். 51 சாப்போவின் பாடலை அவர் தன் குரலுக்கு மாற்றியது. அப்புறம் 'அமோரெஸ்' 2.7, 2.8. சுல்பிசியாவை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். புரொப்பெர்ட்டியஸுக்கு வரும்போது முதல் புத்தகத்தைக் கொஞ்சமாவது படித்த பிறகே 4.7க்குப் போங்கள், சிந்தியாவைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் கேட்டிருந்தால்தான் அவள் பதில் உறைக்கும். 'காதல் கலை'யைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். பழைய மொழிபெயர்ப்புகள் சில இடங்களைப் பூசி மெழுகியிருக்கும், ஆகவே கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் வந்ததாகப் பார்த்து எடுங்கள்.